கேட்போரைக் கேட்டறிந்த வரலாறு

1939ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே, இங்கிலாந்தின் புகையிரத நிலையங்களிலும் கடைவீதிகளிலும் செந்நிறச் சுவரொட்டிகள் தோன்றின. உச்சியிலே ஒரு முடியின் உருவம். அதன் கீழே வெள்ளை எழுத்துக்கள். வேறு படம் எதுவும் இல்லை. சுதந்திரம் ஆபத்தில் இருக்கின்றது, அதனை முழுவலிமையோடும் காப்பாற்றுங்கள் என்றது ஒன்று. உங்கள் துணிவும், உங்கள் மனமலர்ச்சியும், உங்கள் உறுதியும் வெற்றியைக் கொண்டுவரும் என்றது மற்றொன்று. யுத்தம் தொடங்கியது செப்டெம்பர் மாதம் 3ஆம் நாள். மறுநாளே தகவல் அமைச்சு என்னும் புதிய அமைச்சு பிரித்தானியாவில் நிறுவப்பட்டது. அந்த அமைச்சு தன் மக்களோடு பேசிய முதற் பேச்சு இச்சுவரொட்டிகளே எனலாம்.

அவற்றை எழுதியோர் அறிவிலே குறைந்தவர் அல்லர். யுத்தம் வருவதற்கு முன்னரே, 1939ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், அரசாங்க உத்தியோகத்தரும் கல்விமான்களும் விளம்பரத் துறையினரும் கூடியிருந்து சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தே அவ்வாசகங்களை அமைத்தனர். யுத்தப் பிரகடனம் வெளிவந்த சில நாட்களிலே நகரங்களின் மீது குண்டுமாரி பொழியும், மக்கள் கதிகலங்கி நிற்பர், அவ்வேளையில் அரசரின் முடியைத் தாங்கிய ஒரு செய்தி அவர்களைத் தேற்றும் என்பது அன்னாரின் எண்ணம். ஆனால், அவ்வாண்டு குண்டுகள் விழவில்லை. மக்கள் கலங்கவும் இல்லை. இருட்டடிப்பினாலும் விலைவாசியினாலும் எரிச்சலுற்றிருந்தனர். அந்த எரிச்சலின் நடுவே சிவந்த சுவரொட்டிகள் வந்து நின்று, துணிவாய் இருங்கள் என்றன.

சுவரொட்டியை மக்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதை அறியும் பணி 'மாஸ் ஒப்சவேஷன்' என்னும் ஒரு குழுவினரிடம் வந்து சேர்ந்தது. 1937ஆம் ஆண்டிலே தொம் ஹரிசன், சாள்ஸ் மட்ஜ், ஹம்ப்றி ஜெனிங்ஸ் என்னும் மூவர் தொடங்கிய இயக்கம் அது. மூவருள் ஒருவர் தூரதேசத் தீவுகளிலே பழங்குடிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து மீண்டவர். ஒருவர் கவிஞரும் பத்திரிகையாளருமானவர். மற்றவர் திரைப்பட இயக்குநர். பிறநாட்டு மக்களின் வழக்காறுகளை ஆராய்வது போலவே சொந்த நாட்டு மக்களையும் ஆராய வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. போல்ற்றன் என்னும் ஆலைநகரத்திலே மதுச்சாலைகளிலும் தேவாலயங்களிலும் தெருவோரங்களிலும் இருந்து, மக்கள் பேசுவதைப் பேசியபடியே குறித்துக்கொண்டவர்கள் அவர்கள். பலர் தத்தம் நாட்குறிப்புக்களை அவர்களுக்கு அனுப்பி வந்தனர்.

இக்குழுவினர் சுவரொட்டிகளின் அருகே நின்று வழிப்போக்கரோடு உரையாடினர். கிடைத்த மறுமொழிகள் அமைச்சுக்கு இனிப்பானவை அல்ல. பலர் சுவரொட்டியைக் கண்டிருந்தும் அதன் வாசகத்தை நினைவிலே கொள்ளவில்லை. உறுதி, சுதந்திரம், ஆபத்து என்னும் கருத்துப்பொருட் சொற்கள் கற்றோருக்கு எளியனவாயினும், தொழிலாளர் பலருக்குத் தம் அன்றாட வாழ்வோடு தொடர்பற்றனவாகவே பட்டன. இவற்றினும் பெரிய பிழை ஒன்று மிகச் சிறிய சொற்களிலே மறைந்திருந்தது. 'உங்கள்' துணிவு 'எங்களுக்கு' வெற்றியைத் தரும் என்றே அந்த வாசகத்தை மக்களிற் பலர் வாசித்தனர். துணிய வேண்டியவர்களும் இழக்க வேண்டியவர்களும் நாங்கள். வெற்றி பெறப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் யார்? மேலிடத்தவர்.

தமிழ் நேயர்கள் இவ்விடத்தே சிறிது நின்று நோக்குதல் தகும். ஆங்கிலத்திலே 'அஸ்' என்னும் ஒரே சொல், கேட்போரையும் உள்ளடக்கிய 'நமக்கு' என்பதற்கும், கேட்போரை விலக்கிய 'எங்களுக்கு' என்பதற்கும் பொதுவாய் நின்று பயன்படுகின்றது. வாசகத்தை எழுதியோர் கருதியது 'நமக்கு' என்பதையே. வாசித்தோர் கொண்டது 'எங்களுக்கு' என்பதை. முன்னிலையாரை உளப்படுத்தும் சொல்லையும் உளப்படுத்தாத சொல்லையும் வேறு வேறாக வைத்திருக்கும் தமிழிலே இச்சுவரொட்டியை எழுத முனைந்திருந்தால், எழுதுவோர் தம் எழுதுகோலை நிறுத்தி, யாருடைய வெற்றியைச் சொல்கின்றோம் என்று எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். ஆங்கில வாசகத்தை ஆராய்ந்த குழுவிலே அவ்வாறு நிறுத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. கூட்ட அறையிலே இருந்த அனைவரும் அந்த 'நமக்கு' என்பதனுள் அடங்கியவர்களே ஆதலின், அறைக்கு வெளியே நின்றவர்களின் காதில் அச்சொல் எப்படி ஒலிக்கும் என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. அச்சிடுமுன் தெருவிலே இருபது பேரிடம் காட்டியிருந்தால் தெரிந்திருக்கக் கூடியது, நாடெங்கும் ஒட்டிய பின்னரே தெரிய வந்தது.

அவ்வரிசையிலே மூன்றாவது சுவரொட்டி ஒன்றும் இருந்தது. அமைதியாய் இருந்து உங்கள் கருமத்தைத் தொடருங்கள் என்னும் பொருளுடையது. கடுமையான குண்டுவீச்சு வரும்போது ஒட்டுவதற்கென்று ஏறக்குறைய 25 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. முதலிரண்டும் பெற்ற வரவேற்பைக் கண்டபின் அதனை வெளியிடும் ஆர்வம் எவருக்கும் இல்லை. கடதாசித் தட்டுப்பாடு வந்த 1940ஆம் ஆண்டில் பெரும்பாலான பிரதிகள் கூழாக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டிலே வட இங்கிலாந்தின் அல்னிக் என்னும் ஊரிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில், ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிரதி வெளிவந்தது. கடைக்காரர் அதனைச் சட்டமிட்டு மாட்டிவைக்க, வந்தவர்கள் எல்லாம் அதனை விலைக்குக் கேட்டனராம். இன்று அவ்வாசகம் தேநீர்க் கோப்பைகளிலும் காணப்படுகின்றது. யுத்தத்தின் நடுவே தாங்கமுடியாத உபதேசமாய் இருந்திருக்கக் கூடியது, அறுபது ஆண்டுகள் கழிந்தபின் வேடிக்கையாயிற்று.

சுவரொட்டியின் கதை இப்படியிருக்க, வானொலியின் கதை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தது. வானொலி நிலையத்தார்க்குத் தம் நேயரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தபாலில் வந்த கடிதங்கள் வாயிலாகவே. கடிதம் எழுதுவோர் யார்? மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் வெகுண்டவரும், எழுதுவதற்கு ஓய்வும் பழக்கமும் உடையவருமே. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் 1952ஆம் ஆண்டு தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சிக்கு இந்தியாவின் நாற்றிசையிலிருந்தும் கடிதங்கள் மலையாய்க் குவிந்தன என்பது நேயர் பலர் அறிந்ததே. அக்கடிதங்கள் அன்பின் அளவைக் காட்டின. ஆனால், நிகழ்ச்சி பிடிக்காமல் வானொலியை அணைத்தவர் எவரும் அதனை அறிவிப்பதற்காக முத்திரை வாங்கி ஒட்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நேயரின் குரலும் தபாற்பையிலே இராது.

இலண்டனில் பி.பி.சி. நிறுவனத்தின் நாடகப் பகுதித் தலைவராய் இருந்த வால் கில்குட், தம் நிகழ்ச்சிகள் மக்களிடம் எவ்வாறு சென்று சேர்கின்றன என்பது தமக்கு அடியோடு தெரியாது என்று 1930ஆம் ஆண்டிலேயே தம் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமோ தயங்கியது. நிறுவனத்தின் தலைவராய் 1938ஆம் ஆண்டு வரை விளங்கிய ஜோன் றீத், மக்களுக்கு எது நல்லது என்பதைக் கொடுக்க வேண்டுமேயன்றி அவர்கள் கேட்பதைக் கொடுத்தல் ஆகாது என்னும் உறுதியுடையவர். நேயர் கருத்தைக் கணக்கிடத் தொடங்கினால் அந்தக் கணக்கே நாளடைவில் எசமானாகிவிடும் என்ற அச்சம் அவரைச் சார்ந்தோர்க்கு இருந்தது. அந்த அச்சம் வீணானது என்று ஒதுக்கிவிட முடியாது; பிற்காலத்தில் வர்த்தக ஒலிபரப்புக்கள் சென்ற வழியைப் பார்த்தோர் அதனை ஒப்புவர். எனினும், அறியாமையும் ஒரு நல்ல எசமான் அன்று.

1936ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், விளம்பர நிறுவனமொன்றிலே பணியாற்றிவந்த ரொபேட் சில்வி என்பவர் பி.பி.சி.யின் நேயர் ஆராய்ச்சிக்கென நியமிக்கப்பட்டார். அவர் எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று நாடக நேயர் குழு. தாமாகவே முன்வந்த 350 பேர், 1937ஆம் ஆண்டில் நான்கு மாத காலம் வானொலி நாடகங்களைக் கேட்டுத் தம் கருத்தை எழுதி அனுப்பினர். எத்தனை பேர் கேட்டனர் என்பதன்றி, கேட்டவருக்கு எவ்விடத்திலே கதை விளங்கவில்லை, எந்தக் குரல்கள் ஒன்றோடொன்று மயங்கின என்பன போன்ற செய்திகள் நாடகம் தயாரிப்போர்க்குக் கிட்டலாயின. வேறொரு முயற்சியும் குறிப்பிடத் தக்கது. பிரிஸ்டல் நகரின் பாட்டன் ஹில் என்னும் தொழிலாளர் பகுதியிலே சமூகசேவை நிலையத்தை நடத்திய ஹில்டா ஜெனிங்ஸ் என்னும் அம்மையார், வினிபிரெட் கில் என்பவரோடு சேர்ந்து, வானொலி வந்தபின் வீடும் அயலும் எவ்வாறு மாறின என்பதை வீடு வீடாய்ச் சென்று பேசி அறிந்தார். அவர்களது அறிக்கையை 1939ஆம் ஆண்டில் பி.பி.சி.யே வெளியிட்டது. அயலாருக்கு ஏற்கெனவே பழக்கமானவர்கள் கேட்ட கேள்விகள் ஆதலின், மறுமொழிகள் ஒளிவு மறைவின்றி வந்தன.

பழக்கமற்றவர் கேட்டால் என்ன நிகழும் என்பதை 1940ஆம் ஆண்டின் கோடைகாலம் காட்டியது. தகவல் அமைச்சு தன் முதற்பிழையிலிருந்து பாடம் கற்று, மக்களின் மனநிலையை அறிய ஒரு பிரிவை அமைத்தது. அதன் தலைமையை ஏற்றவர் பி.பி.சி.யிலே கல்வி நிகழ்ச்சிகளையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் தயாரித்த மேரி அடம்ஸ் அம்மையார். யுத்தகாலச் சமூக அளவை என்னும் அமைப்பும் நிறுவப்பட்டு, அதன் பணியாளர் கதவு கதவாய்த் தட்டி வினவலாயினர். பிரான்சு வீழ்ந்து பிரித்தானியா தனித்து நின்ற மாதங்கள் அவை. பத்திரிகைகள் சீறி எழுந்தன. அப்போதைய தகவல் அமைச்சர் டவ் கூப்பரின் பெயரோடு எதுகை சேர்த்து 'கூப்பரின் வேவுகாரர்' என்னும் பட்டத்தை அப்பணியாளர்க்குச் சூட்டின. ஓகஸ்ட் மாதம் 1ஆம் நாள் பாராளுமன்றத்திலே இது பெரும் விவாதமாயிற்று. சுதந்திரத்துக்காகப் போராடும் ஒரு நாட்டிலே, குடிமக்கள் என்ன நினைக்கின்றனர் என்று அரசாங்கம் வீட்டு வாசலில் வந்து கேட்பது முறையா என்பது கண்டித்தோரின் வினா. பகைவனின் நாட்டிலே அதுதானே நடக்கின்றது என்றனர்.

அந்த வினா இலேசானது அன்று. ஆனால், விந்தை யாதெனில், கதவைத் திறந்த மக்கள் அவ்வளவாகக் கோபங்கொள்ளவில்லை. மறுமொழி சொல்ல மறுத்துக் கதவைச் சாத்தியவர் மிகச் சிலரே. பத்திரிகைகள் மக்களுக்காகக் கொண்ட கோபம் மக்களிடம் இருக்கவில்லை. அமைப்பு நிலைத்தது. லூயிஸ் மொஸ் என்பவரின் தலைமையில் அது பின்னர் உணவு, உடை, எரிபொருள் ஆகியவற்றைப் பற்றியும், குழந்தைகளுக்குத் தொண்டைக்கரப்பான் தடுப்பூசி போடுவதிலே தாய்மாருக்கு இருந்த தயக்கங்களைப் பற்றியும் விசாரித்து அறிந்தது. பங்கீட்டு அட்டையும் உணவுத் துண்டுப்பிரசுரமும் கொண்டு காலம் கழித்த நாட்டிலே, இவ்விசாரணையின் பயன் சிறிதன்று. யுத்தம் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில் அது அரசாங்கத்தின் நிரந்தர உறுப்பாயிற்று.

கேட்பதும் வேவு பார்ப்பதும் ஒன்றாகாமற் காப்பது எங்ஙனம் என்பதற்கு, இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒஸ்திரியா நாட்டிலே ஓர் இளைஞர் கூட்டம் விடை தேடியிருந்தது. வியன்னாவுக்கு அண்மையில் மரியென்தால் என்னும் சிற்றூர். அங்கிருந்த நெசவாலை மூடப்படவே ஊர் முழுவதும் வேலையிழந்தது. 1931ஆம் ஆண்டின் இறுதியிலே மாரி யாஹோடா, ஹான்ஸ் சைசல், போல் லாசர்ஸ்பெல்ட் முதலியோர் அவ்வூரை ஆராயச் சென்றனர். ஊருக்குள் எவரும் வெறும் பார்வையாளராய் நுழைதல் ஆகாது, ஊரவர்க்குப் பயன்படும் ஒரு தொழிலைக் கைக்கொண்டே நுழைய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. ஆகவே, உடை சேகரித்துக் கொடுத்தனர். இலவச வைத்திய ஆலோசனை நடத்தினர். தையல் வகுப்பு வைத்தனர். அவற்றினூடே ஊரவரின் கதைகளைக் கேட்டனர். தெருவிலே ஆண்கள் எத்துணை மெதுவாய் நடக்கின்றனர் என்பதைக்கூட மறைவிலிருந்து அளந்தனர். அது வேவு அன்றோ என்று ஒருவர் கேட்கலாம், கேட்பதும் நியாயமே.

லாசர்ஸ்பெல்ட் கணிதத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். சமதர்ம இயக்கத்தைச் சேர்ந்தவர். வியன்னாவில் அவர் நடத்திய ஆராய்ச்சி நிலையம் பணமின்றித் தத்தளித்ததால், சவர்க்காரம், காலணி, கோப்பி முதலிய பொருட்களை மக்கள் ஏன் வாங்குகின்றனர் என்பதை வியாபாரிகளுக்காக ஆராய்ந்து கொடுத்தே உயிர்வாழ்ந்தது. ஒருவன் சமதர்மக் கட்சிக்கு வாக்களிப்பதும் ஒருத்தி சவர்க்காரம் வாங்குவதும் ஆராய்ச்சி முறையால் ஒருதன்மையவே என்பது அவர் கொண்ட முடிபு. ஒஸ்திரிய வானொலி நிலையத்துக்காக 1931ஆம், 1932ஆம் ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நேயரின் விருப்பங்களை அவர்கள் தொகுத்தனர். பின்னர் அவர் அமெரிக்கா சென்று, 1935ஆம் ஆண்டில், 'ஏன்' என்று வினவும் கலையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தப் பொருளை ஏன் வாங்கினீர் என்னும் வினா ஒன்று போலத் தோன்றினும் ஒன்றன்று. விளம்பரத்தைக் கண்டு வாங்கினேன் என்பான் ஒருவன். நிறம் அழகாயிருந்தது என்பான் மற்றொருவன். பழையது தீர்ந்துவிட்டது என்பான் மூன்றாமவன். மூவரும் மூன்று வேறு வினாக்களுக்கு மறுமொழி கூறினர். ஆகவே 'ஏன்' என்பதைப் பகுத்து, அவரவர் அனுபவத்துக்கு ஏற்ற வடிவிலே கேட்க வேண்டும் என்றார்.

1937ஆம் ஆண்டிலே ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு தொடங்கிய வானொலி ஆராய்ச்சி நிலையம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலே பணியாற்றிய ஹேர்ட்டா ஹேர்சொக் என்னும் வியன்னா மாது, வானொலித் தொடர்நாடகங்களைக் கேட்கும் இல்லத்தரசியர் நூறு பேரோடு நீண்டநேரம் உரையாடினார். அந்நாடகங்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் பணம் கொடுத்ததால் அமெரிக்கர் அவற்றைச் 'சவர்க்கார நாடகம்' என்றே அழைத்தனர். படித்தவர்கள் அவற்றைப் பரிகசித்தனர். ஹேர்சொக் பரிகசிக்கவில்லை. சிலர் அழுது மனப்பாரம் குறைக்கவும், சிலர் தாம் காணாத வாழ்வைக் கனவிலே துய்க்கவும் கேட்டனர் என்பதோடு, வேறு பலர் கணவனோடும் பிள்ளைகளோடும் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் அறிவுரையைப் பெறவே கேட்டனர் என்பதையும் 1941ஆம் ஆண்டிலே அவர் எழுதினார். வெறும் பொழுதுபோக்கு என்று எழுதப்பட்டதை மக்கள் வாழ்க்கைப் பாடமாய்க் கொண்டிருந்தனர் என்பதை, எழுதியவர்கூட அறிந்திருப்பாரோ என்பது ஐயம்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் நிகழ்ந்த ஒரு விருந்து இத்துறையின் போக்கை மாற்றியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியற் பகுதிக்கு அவ்வாண்டிலே இருவர் நியமனம் பெற்றனர். ஒருவர் லாசர்ஸ்பெல்ட்; மற்றவர் ரொபேட் மேர்ட்டன். மேர்ட்டன் நூலறிவிலே மூழ்கிய தத்துவ நோக்கினர்; சந்தை ஆராய்ச்சி அவருக்கு அந்நியம். ஒரே பகுதியில் இருந்தும் மாதக்கணக்காக இருவரும் பேசிக்கொண்டது சொற்பமே. ஒரு சனிக்கிழமை மாலை லாசர்ஸ்பெல்ட் மேர்ட்டன் தம்பதியரை விருந்துக்கு அழைத்திருந்தார். அந்நேரம் பார்த்து வாசிங்டனிலிருந்து, அரசாங்கத்தின் வானொலி நிகழ்ச்சியொன்றை உடனே பரிசோதித்துத் தருமாறு அவசரச் செய்தி வந்தது. வாசலிலே நின்ற மேர்ட்டனை மேலங்கியைக் கழற்றவும் விடாமல், மனைவியர் இருவரையும் விருந்துண்ண விட்டுவிட்டு, லாசர்ஸ்பெல்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே ஏறக்குறைய ஒரு டசின், இரண்டு டசின் பேர் வரிசையாய் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படி இரண்டு பொத்தான்கள். நிகழ்ச்சியிலே பிடித்தது வரும்போது பச்சையை அழுத்த வேண்டும். எரிச்சலோ சலிப்போ அவநம்பிக்கையோ தோன்றினால் சிவப்பை அழுத்த வேண்டும். ஒன்றும் தோன்றாவிடின் சும்மா இருக்கலாம். அழுத்திய கணங்களெல்லாம் நகரும் கடதாசியிலே பேனாக் கோடுகளாய்ப் பதிவாகும். லாசர்ஸ்பெல்டும் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்த பிராங்க் ஸ்டன்ரனும் சேர்ந்து அமைத்த கருவி அது. இதன் மூலம் வியன்னாவிலேயே இருந்தது; அங்கே இசையைக் கேட்போர் தாளக் கருவியின் ஒவ்வோர் அடிக்கும் கடதாசியிலே குறியிட்டனர்.

நிகழ்ச்சி முடிந்ததும் உதவியாளர் ஒருவர் கூட்டத்தை வினவத் தொடங்கினார். மேர்ட்டன் ஓரத்தில் அமர்ந்து, சிறு சிறு குறிப்புக்களை எழுதி லாசர்ஸ்பெல்டிடம் நீட்டிக்கொண்டேயிருந்தார். வினவுபவர் தம்மை அறியாமலே மறுமொழியைத் தம் வழிக்கு இழுக்கின்றார். இன்ன வரியிலே ஏன் சிவப்பை அழுத்தினர் என்று குறிப்பாய்க் கேளாது பொதுவாய்க் கேட்கின்றார். மக்கள் தாமாகச் சொல்ல வந்ததைச் சொல்லவிடவில்லை. இவையே அவர் கண்ட குறைகள். அப்படியானால் அடுத்த கூட்டத்தை நீரே வினவும் என்றார் லாசர்ஸ்பெல்ட். மேர்ட்டன் வினவினார். விருந்து ஆறிப்போயிருக்கும், அன்று தொடங்கிய கூட்டுமுயற்சியோ முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

அன்றிரவு முளைத்த முறை 'குவிநிலை நேர்காணல்' எனத்தக்கது. மேர்ட்டனும் பற்றீசியா கெண்டல் அம்மையாரும் 1946ஆம் ஆண்டிலே அதனைக் கட்டுரையாக்கினர். மாஜரி பிஸ்க் அம்மையாரும் சேர 1956ஆம் ஆண்டிலே அது நூலாயிற்று. முறை கடினமானதன்று, கடைப்பிடிப்பதே கடினம். நேர்காணப்படுவோர் அனைவரும் ஒரே பொருளைக் கேட்டோ கண்டோ வாசித்தோ இருக்க வேண்டும். வினவுபவர் அப்பொருளை முன்னரே வரி வரியாய் ஆராய்ந்திருக்க வேண்டும். ஆராய்ந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, அதனை வெளியிடாமல் இருக்க வேண்டும். இந்தத் துண்டுப்பிரசுரம் உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும். வந்தவரின் முகத்துக்காக ஆம் என்றே பெரும்பாலும் வரும். இதிலே உங்கள் மனத்தில் பதிந்தது எது என்று கேட்டால், எழுதியவர் நினையாத ஒன்று வெளிவரும். மறந்துபோனவர்க்கு அந்தப் பகுதியை மீண்டும் ஒலிக்கச் செய்து, அந்தக் கணத்திலே என்ன தோன்றியது என்று கேட்பர்.

யுத்தகாலத்தில் இராணுவத்தினருக்குக் காட்டப்பட்ட பயிற்சித் திரைப்படங்களும் இவ்வாறு சோதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் வான்போரைப் பற்றிய படம் ஒன்று போர்வீரருக்குச் செய்திகளை நன்கு கற்பித்தது. ஆயின், அவர்தம் மனப்பாங்கையோ போரிடும் ஊக்கத்தையோ அது பெரிதும் மாற்றவில்லை என்பது கண்டறியப்பட்டது. அறிவித்தலும் மனத்தை அசைத்தலும் ஒன்றல்ல என்பது படமெடுத்த பின்னரே உணரப்பட்டது. சில செய்திகள் எறிந்தவரையே திரும்பிவந்து தாக்கும் வளைதடி போல, கருதியதற்கு எதிரான விளைவையே தந்தன. மேர்ட்டனும் லாசர்ஸ்பெல்டும் இவ்விளைவுக்கு அவ்வளைதடியின் பெயரையே இட்டனர்.

இம்முறையின் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டியது 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21ஆம் நாள். கேற் ஸ்மித் என்னும் புகழ்பெற்ற பாடகி அன்று காலை 8 மணி முதல் மறுநாள் அதிகாலை 2 மணி வரை, பதினெட்டு மணி நேரம், இடையிடையே வானொலியிலே தோன்றி யுத்தக் கடன்பத்திரம் வாங்குமாறு மக்களை வேண்டினார். வாக்களிக்கப்பட்ட தொகை 3 கோடியே 90 இலட்சம் டொலர். மேர்ட்டன் குழுவினர் நியூயோர்க் நகரிலே, அதனைக் கேட்ட நூறு பேரை நேரிற் கண்டு நீண்ட உரையாடல் நடத்தினர். அவர்களுள் எழுபத்தைவர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தவர்.

அவர்கள் சொன்னது யாது? அப்பாடகியின் வாதங்களையன்று. அவர் களைத்துப்போகின்றார், குரல் கம்முகின்றது, இருந்தும் நிறுத்தவில்லை என்பதையே சொன்னார்கள். இவ்வளவு பாடுபடுகின்றவரை இடையிலே விட்டுவிட்டு வானொலியை அணைக்க மனம் வரவில்லை என்றனர். திரைப்பட நடிகையர் போலன்றி, பருத்த உடலும் எளிய பேச்சும் உடைய அவரைத் தம் வீட்டுத் தாய் ஒருத்தியாகவே கண்டனர். விளம்பரங்களும் விற்பனைத் தந்திரங்களும் நாற்புறமும் சூழ்ந்து எவரையும் நம்பமுடியாத ஒரு சமுதாயத்திலே வாழ்ந்த மக்கள், மெய்யான ஒரு மனிதரைக் காண ஏங்கியிருந்தனர். அந்த ஏக்கமே பணமாய்ப் பெருகியது.

1946ஆம் ஆண்டிலே இதனை நூலாய் வெளியிட்ட மேர்ட்டன், இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் எழுதினார். மக்கள் கையிலுள்ள பணம் கடன்பத்திரத்தில் முடங்கினால் பணவீக்கம் தணியும் என்பது அரசாங்கத்தின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அந்நியாயம் வேண்டுகோள்களிலே இடம்பெறவில்லை. தியாகமும் போர்முனைப் புதல்வருமே இடம்பெற்றனர். உணர்ச்சியைத் தொடுவது தவறன்று. ஆனால், அறிய வேண்டியதை விலக்கிவிட்டு உணர்ச்சியை மட்டும் தொட்டால் கேட்போன் கருவியாகி விடுகின்றான் என்பது அவரது கவலை. மக்கள் மனத்தை அறியும் நிபுணன், அறிந்ததை என்ன செய்கின்றான் என்பதற்கும் பொறுப்புடையவன் அல்லனோ? அமெரிக்கச் சந்தை அவ்வினாவுக்காகக் காத்திருக்கவில்லை. வியன்னாவிலிருந்து 1938ஆம் ஆண்டிலே குடிபெயர்ந்த ஏர்னெஸ்ட் டிக்டர், மறுஆண்டே ஐவரி சவர்க்காரத்துக்காக மக்களை நேர்கண்டார். சவர்க்காரத்தைப் பற்றி வினவாமல் குளிப்பைப் பற்றிப் பேசவிட்டு, சனிக்கிழமைக் குளியலிலே பாவங்களைக் கழுவுவது போன்ற உணர்வைக் கண்டெடுத்து விளம்பரமாக்கினார். 1950களிலே இத்தகைய ஆராய்ச்சி ஒரு பெருந்தொழிலாயிற்று. ஹேர்சொக் அம்மையாரும் விளம்பர நிறுவனமொன்றிலே உயர்பதவி வகித்தார்.

மேர்ட்டன் நீண்டகாலம் வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டிலேயே மறைந்தார். தாம் வகுத்த நேர்காணல் 'போகஸ் குறூப்' என்னும் பெயரோடு தேர்தல் அலுவலகங்களிலும் பற்பசைக் கம்பனிகளிலும் உலாவுவதை அவர் கண்டார். 1987ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரையொன்றில், தமக்கும் அதற்கும் உள்ள உறவு தூரத்து உறவே என்று அவர் மெல்ல விலகி நின்றார். ஓர் அறையிலே பத்துப் பேர் சொன்னதைக் கொண்டு புதிய எண்ணங்களையும் புதிய வினாக்களையும் பெறலாம். அவை நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொருந்துமா என்பதைப் பரந்த அளவையினாலேயே பின்னர் சோதிக்க வேண்டும். தம் முறையிலே இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றார் அவர். சந்தைக்காரர் முதற் பாதியை எடுத்துக்கொண்டு, செலவு மிகுந்த மறுபாதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர்.